கீழ்த்தள அறைகளுக்கு எந்தத் தரை?



வீடு வாங்குவதைப் பற்றிப் பேசும்போது நாம் கூரையைப் பற்றிப் பேசுகிறோம்; சுவருக்கு என்ன வண்ணம் என்று பேசுகிறோம்; கதவு, ஜன்னல், மின்விளக்கு எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறோம். தரையைப் பற்றிய பேச்சு வரும்போது கையிலிருந்த பணம் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். கடையில் எது பளபளப்பாக இருந்ததோ அதையே வாங்கிப் போட்டுவிடுகிறோம். ஆனால் நாள் முழுவதும் நம் உடம்பு தொட்டுக்கொண்டிருப்பது தரையைத்தான். நாம் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குள் நடக்கிறவர்கள். தரையில் உட்கார்ந்து கீரை ஆய்கிறோம், பாய் விரித்துப் படுக்கிறோம். குழந்தை தவழ்வதும், பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடப்பதும் அந்தத் தரையில்தான்.

பல ஆண்டுகள் தோட்டத்து லயத்தில் வாழ்ந்து, சேமிப்பைப் போட்டு, கடனும் வாங்கிப் பக்கத்துத் தாமானில் சொந்த வீடு வாங்கும் குடும்பங்கள் இன்று நம்மிடையே பல. லயத்துத் தரை தோட்ட நிர்வாகம் போட்டது. அது நல்லதோ கெட்டதோ, நம்மை யாரும் கேட்கவில்லை. சொந்த வீட்டுத் தரைதான் நாமே தேர்ந்தெடுக்கும் முதல் தரை. அதனால் இன்று, வீட்டின் கீழ்த்தள அறைகளுக்கு அழகும் பயனும் உள்ள தரையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பார்ப்போம்.

இதைக் கற்றுக்கொள்ள ஒரு நல்ல ஊர் சிங்கப்பூரில் இருக்கிறது. அதன் பெயர் குவீன்ஸ்டவுன். 1953ஆம் ஆண்டு எலிசபெத் அரசியார் முடிசூடியதை ஒட்டி அந்தப் பெயர் வந்தது. அதற்கு முன் அந்தப் பகுதியில் பள்ளத்தாக்கும், ஓடையும், காய்கறித் தோட்டங்களும், அத்தாப்பு வேய்ந்த கம்பத்து வீடுகளும் இருந்தன. நம்மவர்களுக்கும் அது அந்நியமான ஊர் அன்று. மலாயா ரயில் 2011ஆம் ஆண்டு வரை அந்த ஊரின் ஓரமாகத்தான் ஓடியது. ரயில் தொழிலாளர்கள் பாதையோரம் வைத்துக் கும்பிட்ட சாமிதான் இன்று காமன்வெல்த் டிரைவ் சாலையில் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலாக நிற்கிறது.

1960ஆம் ஆண்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அது முதலில் கட்டி முடித்த அடுக்குமாடிகள் குவீன்ஸ்டவுனின் ஸ்டிர்லிங் சாலையில் எழுந்தன. 1964ஆம் ஆண்டு, வாடகைக்கு இருந்த எளிய மக்களும் வீட்டைச் சொந்தமாக வாங்கலாம் என்ற திட்டம் வந்தபோது, முதலில் விற்பனைக்கு வந்தவையும் இந்த ஊர் வீடுகளே. வீடு சொந்தமானதும் மக்களின் கண் தரைமேல் விழுந்தது. வெறும் சிமெண்டுத் தரையின்மேல் முதலில் பூப்போட்ட லினோலியம் விரிப்பு வந்தது. பிறகு சிறு சதுரங்களாக வினைல், அதன்பின் மொசைக், செராமிக், இன்று பளிங்குபோல் மின்னும் பெரிய ஓடுகளும் மரம்போல் தோன்றும் வினைல் பலகைகளும் என்று, ஒருவர் வாழ்நாளுக்குள் அந்த ஊர் எத்தனையோ வகைத் தரைகளைப் பார்த்துவிட்டது.

இப்போது நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குவீன்ஸ்டவுனில் பெரும்பாலானவை மாடி வீடுகள். ஆனால் அதே ஸ்டிர்லிங் சாலையில், கழகத்தின் பொறுப்பில் உள்ள இரண்டு தளம் கொண்ட வரிசை வீடுகளும் இருக்கின்றன. நம் தாமான் வீடுகளைப் போலவே அவற்றுக்குக் கீழ்த்தளம் உண்டு. அந்தக் கீழ்த்தளம் மண்மேல் உட்கார்ந்திருக்கிறது. பத்தாவது மாடியில் இருப்பவருக்கும் கீழ்த்தளத்தில் இருப்பவருக்கும் தரை பற்றிய கவலை ஒன்றல்ல. மாடி வீட்டில் தண்ணீர் கீழே இறங்கும். கீழ் வீட்டில் தண்ணீர் மேலே ஏறும்.

மாடி வீட்டுக்காரர் குளியலறைத் தரையை உடைத்தால் அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சு கெட்டு, கீழ் வீட்டின் கூரையில் ஒழுகும். அதனால்தான் புதிதாகக் கட்டிய புளோக்கில் முதல் 3 ஆண்டுகளுக்குக் குளியலறைத் தரையையும் சுவர் ஓட்டையும் பெயர்க்கக் கூடாது என்று கழகம் விதித்திருக்கிறது. பாரம் அதிகமாகிவிடக் கூடாது என்பதற்காக, தரைப்பூச்சும் ஓடும் சேர்ந்து 50 மில்லிமீட்டர் கனத்தைத் தாண்டக் கூடாது என்றும் விதி உண்டு. நம் கீழ்த்தள அறைக்குப் பாரம் ஒரு தொல்லை அல்ல; மண் தாங்கிக்கொள்ளும். நம் தொல்லை ஈரம். ஆகவே மாடி வீட்டில் உறவினர் போட்டிருக்கும் அழகான தரையைப் பார்த்துவிட்டு, அதையே நம் கீழ் வீட்டில் போடலாம் என்று முடிவு செய்வது சரியாகாது.

ஈரம் எப்படி மேலே ஏறுகிறது? விளக்குத் திரியை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கீழே இருக்கிறது. சுடர் மேலே இருக்கிறது. திரியின் நுண்ணிய இடைவெளிகள் வழியாக எண்ணெய் தானாகவே மேலேறுகிறது. சிமெண்டுத் தரையிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மழைக்காலத்தில் மண்ணில் ஊறிய நீர் அவற்றின் வழியாக ஏறி வருகிறது. வரும்போது மண்ணிலும் சிமெண்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் காற்றில் உலர்ந்துவிடும். உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும். சுவரின் அடியில் வண்ணம் உரிவதும், அலமாரிக்கு அடியில் பூசண வாடை வீசுவதும், பாயின் அடிப்பக்கம் சில்லென்று இருப்பதும் இதன் அடையாளங்கள்.

இதைத் தடுக்கும் வேலை தரை ஓட்டில் தொடங்குவதில்லை. அதற்கும் கீழே தொடங்குகிறது. கீழ்த்தளம் போடும்போது மண்ணை நன்றாக இடித்துக் கெட்டியாக்கி, கல் பரப்பி, அதன்மேல் தடித்த பாலிதீன் தாளை மடிப்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, அதற்குப் பிறகே கான்கிரீட் போட வேண்டும். அந்தத் தாளின் விலை வீட்டுச் செலவில் மிகச் சிறியது. ஆனால் கான்கிரீட் விழுந்தபின் அதை நுழைக்க முடியாது. புதிதாக அறை சேர்த்துக் கட்டுகிறவர்கள், வீட்டின் பின்பக்கம் சமையலறையை நீட்டுகிறவர்கள், குத்தகைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "கான்கிரீட்டுக்கு அடியில் தாள் விரிப்பீர்களா?" என்பதுதான். விரிக்கும் நாளில் வீட்டார் ஒருவர் நேரில் நின்று பார்ப்பது நல்லது.

ஏற்கெனவே கட்டிய வீடாக இருந்தால் ஓர் எளிய சோதனை செய்யலாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் தாளை எடுத்து, சிமெண்டுத் தரைமேல் வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். ஒரு பகலும் ஓர் இரவும் அப்படியே விட்டு, பிறகு எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தால், அல்லது அந்த இடத்துச் சிமெண்டு கறுத்திருந்தால், தரையில் ஈரம் ஏறுகிறது என்று பொருள். இதை அறையின் நடுவிலும் மூலையிலும், முக்கியமாக மழைக்காலத்திலும் செய்து பார்க்க வேண்டும். புதிய கான்கிரீட்டாக இருந்தால் அதன் சொந்த ஈரமே காய நாள் பிடிக்கும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்; நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இன்னும் கூடுதலாகவே ஆகும். அவசரப்படக் கூடாது.

அந்தச் சோதனையின் முடிவுதான் எந்தத் தரை என்பதைப் பாதி தீர்மானிக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லினோலியம், வினைல் விரிப்புகள் விலை குறைந்தவை, காலுக்கு மென்மையானவை. ஆனால் ஈரம் ஏறும் தரையில் பசை விட்டு, ஓரம் சுருண்டு, அடியில் பூசணம் பிடிக்கும். சுருண்ட ஓரம் கால் தடுக்கும் இடமாகிவிடும். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் புதிய வினைல் பலகைகள் தண்ணீரால் கெடுவதில்லை. ஆனால் தரை மேடுபள்ளமில்லாமல் இருக்க வேண்டும், அடியில் ஈரமும் இருக்கக் கூடாது. மரத்துகளை அழுத்திச் செய்த லேமினேட் பலகை தண்ணீர் பட்டால் ஊதிப்போகும். அது கீழ்த்தளத்துக்கு வேண்டாம். உண்மையான மரத்தரை அழகானதுதான். ஆனால் மண்ணை ஒட்டிய அறையில் கரையானுக்கு விருந்து வைத்ததாகும். மரம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் மாடி அறையில் போட்டுக்கொள்ளட்டும். கம்பளம் நம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்றதல்ல. தூசியும் நுண்ணுயிர்ப் பூச்சியும் தங்கி, மூச்சிரைப்பு உள்ளவர்களுக்குத் தொல்லை தரும்.

ஈரத்துக்கு அஞ்சாதவை சிமெண்டும், கல்லும், சுட்ட மண்ணும். சிவப்புச் சாயத்தூள் கலந்து மெழுகிய சிமெண்டுத் தரையை நம் தாத்தா பாட்டி காலத்து வீடுகளில் பலரும் பார்த்திருப்பீர்கள். கை தேர்ந்த கொத்தனார் ஒரே மூச்சில் இழைத்து, ஒரு வாரம் ஈரத்துணி போட்டு வைத்தால், பல்லாண்டு உழைக்கும். கால் பட்டுப் பட்டு மெருகேறும். வெடிப்பு விழுந்து ஒட்டுப்போட்டால் அந்த இடம் தனியாகத் தெரியும் என்பதே அதன் குறை. மொசைக் என்று நாம் சொல்லும் டெராசோத் தரை, பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டில் பதித்து அரைத்து மெருகேற்றியது. மங்கினால் மறுபடியும் அரைத்துப் புதிதாக்கலாம். எலுமிச்சைச் சாறு, புளி, வினிகர், கழிப்பறை கழுவும் அமிலம் ஆகியவை மட்டும் அதற்கு ஆகா, பளிங்கை அரித்துவிடும். செட்டிநாட்டு ஆத்தங்குடியில் செய்யும் பூவேலை ஓடுகளும் சிமெண்டு வகைதான். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் நிரப்பிக் கையாலேயே செய்கிறார்கள், சூளையில் சுடுவதில்லை.

இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை சுட்ட ஓடுகள். இவற்றில் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். செராமிக் ஓட்டில் மேற்பூச்சு மட்டுமே வண்ணம். அம்மிக்குழவி விழுந்து ஒரு சில்லுத் தெறித்தால் உள்ளே செம்மண் நிறம் தெரியும். போர்சலின் ஓடு மிகுந்த வெப்பத்தில் சுட்டது. தன் எடையில் 200இல் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. இதில் ஹோமோஜினியஸ் என்று கடைக்காரர் சொல்லும் வகைக்கு மேலும் கீழும் ஒரே நிறம். சில்லு தெறித்தாலும் அவ்வளவாகத் தெரியாது. விலை சற்றுக் கூடினாலும், கூடத்துக்கும் சமையலறைக்கும் இதுவே பொருத்தம்.

ஆனால் எந்த ஓடு என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அது ஈரமான காலோடு நடந்தால் வழுக்குமா என்பது. யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். எழுபது வயதுப் பாட்டிக்குச் சறுக்கினால் என்ன ஆகும்? வயதான பெண்களுக்கு எலும்பு பஞ்சுபோல் மெலிந்திருக்கும். இடுப்பெலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கை. எழுந்து பழையபடி நடக்காதவர்களும் உண்டு. விபத்துகளால் நேரும் சாவுகளில், சாலை விபத்துக்கு அடுத்தபடியாகக் கீழே விழுவதால் நேர்பவையே அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

குவீன்ஸ்டவுனில் இந்தப் பாடம் வெளிப்படையாகவே தெரிகிறது. 1960களில் இளம் தம்பதிகளாகக் குடிவந்தவர்கள் அங்கேயே முதுமை அடைந்தார்கள். தங்ளின் ஹால்ட் பகுதியின் பழைய புளோக்குகளை இடிப்பது என 2014ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட பின்னர், அங்கிருந்த முதியவர்கள் பலர் டாசன் வட்டாரப் புதிய வீடுகளுக்கு மாறினார்கள். புதுத்தரையில் நடப்பதை அந்த வயதில் பழக வேண்டியிருந்தது. சிங்கப்பூர் முழுவதும் முதியோர் வாழும் வீடுகளுக்காக 2012ஆம் ஆண்டு ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. குளியலறைத் தரைக்கு வழுக்காத மருந்துப் பூச்சு, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, வாசற்படிக்குச் சாய்வுப் பலகை ஆகியவற்றை அரசு பெரும்பங்கு செலவை ஏற்றுச் செய்துகொடுக்கிறது. ஓர் அரசாங்கம் வீடுவீடாகச் சென்று தரையைச் சொரசொரப்பாக்குகிறது என்றால், பளபளப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை நாம் உணர வேண்டும்.  

ஓடு வாங்கும்போது பெட்டியில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை ஓர் எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜெர்மானியச் சோதனை முறையில் வந்த அளவு அது. எண் கூடக் கூட வழுக்கல் குறையும். உலர்ந்திருக்கும் படுக்கையறைக்கு ஆர் 9 போதும். சமையலறைக்கும் குளியலறைக்கும் ஆர் 10க்குக் குறையாமல் பாருங்கள். மழைச்சாரல் படும் வாசலுக்கு ஆர் 11 நல்லது. எண் இல்லாவிட்டால் கடைக்காரரிடம் ஒரு மாதிரி ஓட்டைக் கேட்டு, தரையில் வைத்து, சோப்பு கலந்த தண்ணீர் தெளித்து, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். உங்கள் காலே சொல்லிவிடும்.

இனி அறை அறையாகப் பார்ப்போம். வாசலில், செம்பனைக் காட்டிலிருந்தும் பால்மரக் காட்டிலிருந்தும் சேற்றுக் காலணியோடு வருகிறோம். அங்கே சொரசொரப்பான ஓடு அல்லது வெறும் சிமெண்டு, வெளிப்பக்கம் சற்றே சாய்வாக இருக்கட்டும். சிமெண்டாக இருந்தால் கோலமாவும் நன்றாகப் பிடிக்கும். கூடத்துக்கு மங்கிய மெருகுள்ள பெரிய ஓடு. சமையலறையில் எண்ணெயும் மஞ்சளும் சிந்தும். ஓடுகளுக்கு இடையே பூசும் சாந்து வெள்ளையாக இருந்தால் மஞ்சள் கறை போகாது, சாம்பல் நிறமே ஏற்றது. குளியலறைக்குச் சிறிய ஓடுகள் நல்லவை. இடைக்கோடுகள் அதிகம் என்பதால் காலுக்குப் பிடிப்பு கிடைக்கும், தண்ணீர் வடியச் சாய்வு கொடுப்பதும் எளிது. தாத்தா பாட்டியின் படுக்கையறையைக் கீழ்த்தளத்திலேயே அமைத்து, அங்கிருந்து குளியலறை வரை படியில்லாமல் ஒரே மட்டமாகச் செய்யுங்கள். படி தவிர்க்க முடியாததானால் அதன் விளிம்பை வேறு நிறத்தில் பதியுங்கள். மங்கிய பார்வைக்கும் தெரியும்.

அழகைப் பற்றிச் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். வரிசை வீட்டின் கீழ்த்தளத்தில் வெளிச்சம் முன்னும் பின்னும் மட்டுமே வரும். நடு அறை இருட்டாகவே இருக்கும். ஆகையால் வெளிறிய நிறம் நல்லது. ஆனால் தூய வெள்ளையில் ஒவ்வொரு தலைமுடியும் தெரியும். கறுப்பில் ஒவ்வொரு காலடியும் தெரியும். மணல் நிறம், வெளிர் சாம்பல், புள்ளி விழுந்த நிறம் ஆகியவை தூசியை மறைத்துக் கண்ணுக்கும் குளிர்ச்சி தரும். கூடம் முதல் சமையலறை வரை ஒரே ஓடாகப் போட்டால் சிறிய வீடும் பெரிதாகத் தோன்றும். பூவேலை ஓட்டில் ஆசை இருந்தால், சேலைக்குக் கரை வைப்பதுபோல் சாமி மாடத்தின் முன்போ கூடத்தின் ஓரத்திலோ மட்டும் வையுங்கள். சேலை முழுவதும் கரையாக இருந்தால் எடுக்காது.

எவ்வளவு வாங்குவது? நம் பள்ளிப் பிள்ளைகளே கணக்குப் போட்டுச் சொல்லலாம். அறை 12 அடி நீளம், 10 அடி அகலம் என்றால் பரப்பு 120 சதுர அடி. ஓடு 2 அடிக்கு 2 அடி என்றால் ஒன்றுக்கு 4 சதுர அடி. 30 ஓடுகள் வேண்டும். வெட்டும்போது வீணாவதற்கு 10இல் ஒரு பங்கு கூட்டினால் 33. பெட்டிக்கு 4 ஓடு என்றால் 9 பெட்டிகள். மிஞ்சும் ஓடுகளைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பின்னாளில் ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது.

பதிக்கும் வேலையிலும் கண் வைக்க வேண்டும். ஓட்டின் அடியில் நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் சாந்து உருண்டை வைத்து அமுக்குவது விரைவான வேலை. நல்ல வேலை அல்ல. அடிப்பாகம் முழுவதும் சாந்து பரவ வேண்டும். பதித்த சில நாள் கழித்து ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் ஓசை கேட்டால் பெயர்த்துப் பதிக்கச் சொல்லுங்கள். ஓடுகளுக்கு இடையிலும் சுவரோரத்திலும் சிறு இடைவெளி விட வேண்டும். வெப்பத்தாலும் ஈரத்தாலும் ஓடு விரியும், சுருங்கும். இடமில்லாவிட்டால் கூடாரம்போல் எழும்பி வெடிக்கும். 2018 ஜனவரியில் சிங்கப்பூரில் மழையும் குளிரும் சேர்ந்த நாட்களில் பல அடுக்குமாடி வீடுகளில் ஓடுகள் இப்படி எழும்பின.

எச்சரிக்கை ஒன்று. 1980களுக்கு முற்பட்ட பழைய வினைல் ஓடுகளிலும் அவற்றின் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கக்கூடும். அவற்றை உடைக்கவோ உரசித் தேய்க்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. பெயர்க்க வேண்டுமானால் அதற்குப் பயிற்சி பெற்றவரை அழையுங்கள்.

கடைசியாகப் பணம். அகலக் கால் வைக்காதே என்ற பழமொழி தரைக்கு மிகவும் பொருந்தும். முதல் செலவு ஈரத்தைத் தடுக்க, இரண்டாவது, தரையை மட்டப்படுத்த, மூன்றாவது, நல்ல கொத்தனாரின் கூலிக்கு, மிஞ்சுவதற்கு ஓடு. எல்லா அறையையும் ஒரே தடவையில் செய்ய முடியாவிட்டால் குளியலறையையும் சமையலறையையும் முதலில் செய்யுங்கள். கூடம் இன்னும் ஓராண்டு சிமெண்டாகவே இருந்தால் குறைவொன்றுமில்லை. அதற்குள் அதன் ஈரமும் நன்றாகக் காய்ந்திருக்கும். விருந்தினர் மெச்சும் பளபளப்புக்காகக் கடன் வாங்க வேண்டாம்.

ஆகவே நேயர்களே, ஓட்டுக்கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகளை வீட்டார் எல்லாரும் கூடிப் பேசிக்கொள்ளுங்கள். தரைக்கு அடியில் என்ன இருக்கிறது? தரைமேல் யார் யார் நடக்கப்போகிறார்கள்? தினமும் அதைத் துடைக்கப்போவது யார்? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தபின் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பேச்சில் வீட்டுப் பெரியவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய காலுக்குத்தான் அந்தத் தரை முதலில் பதில் சொல்ல வேண்டும்.